கடலில் கிடந்த துப்பாக்கி

"ஒன்பது வருஷம்மா! ஒன்பது வருஷம் கடலுக்கடியில கெடந்துச்சு, நான் பூச்சு போட்ட துப்பாக்கி. மேல வந்தப்போ துருவா? ஈரம்கூட ஒட்டல. பக்கத்துல கெடந்த நங்கூரம் வெக்கத்துல கரைஞ்சே போச்சு!"

உலிஸ் ஷெராமி இதைச் சொன்னது தாதியிடம். அவள் அவருடைய முதுகுக்கடியிலிருந்து நனைந்த விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்ததால் அவர் சுவரைப் பார்த்துத்தான் பேசினார். ஆனால் பேச்சு முழுக்கத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த மகளுக்கு. ரெனெல்லாவுக்கு அது தெரியும். அவள் தோளை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பிடித்துக்கொண்டாள். அதில் பிடிக்கச் சதை அதிகமில்லை.

நாற்பது வருடம் கைத்துப்பாக்கிகளை மணலடித்துச் சுரண்டி, பூச்சுத் தெளித்து, ரொட்டி சுடும் ஓவனில் வைத்துச் சுட்டு எடுத்தவர். வெறும் இரும்பை கிராண்ட் ஐல் தீவின் உப்புக்காற்று ஒரே வாரத்தில் செங்கல் நிறமாக்கிவிடும்; ஷெரீப்பின் ஆட்களிலிருந்து இறால் படகுக்காரர்கள் வரை அவரிடம்தான் வந்தார்கள். அந்த மணல்தூசி இப்போது நுரையீரலை அடைத்துவிட்டது. டாக்டர் இரண்டு வாரம் என்று கெடு சொன்னார். உலிஸ் ஐந்தாவது வாரமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

கதை இவ்வளவுதான். அவருடைய பழைய நண்பர் நோரிஸின் கைத்துப்பாக்கி படகிலிருந்து தவறிக் கடலில் விழுந்தது. வருடங்கள் கழித்து இன்னொருவரின் இறால் வலையில் ஏறி வந்தது. உலிஸின் பூச்சு அப்படியே இருந்தது. தீவில் இதைக் கேட்காத மனிதர் கிடையாது. கூழைக்கடாக்களுக்கே மனப்பாடம். நம்பாதவள் ஒருத்திதான், அவர் பெற்ற மகள்.

ரெனெல்லாவுக்குத் தலைநகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. பூச்சு பூசிய தகடுகளை உப்புப் புகை நிரம்பிய பெட்டிக்குள் தொங்கவிட்டு, முதல் துரு எத்தனையாவது மணியில் பூக்கிறது என்று எழுத வேண்டும். பதினான்கு வருடத்துக்கு முன்னால், அப்பா பூசிய தகடு ஒன்றை அவருக்குத் தெரியாமல் எடுத்துப்போய் உள்ளே தொங்கவிட்டாள். அறுநூற்று நாற்பதாவது மணியில் ஓரத்தில் துரு. நல்ல எண்தான். ஆனால் அதைக் கிறிஸ்துமஸ் விருந்தில், எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். உலிஸ் கரண்டியைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவள் வந்தாலே இந்தக் கதைதான்.

"நடந்துச்சுன்னு ஒருதரம் சொல்லேன்டி," என்றார் சுவரிடம்.

"பாக்காம எப்படிப்பா சொல்றது? நோரிஸ் மாமாகிட்டதான இருக்கு? எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பாத்துட்டு இப்பவே சொல்றேன்."

"பாத்துட்டுச் சொல்ல மக எதுக்கு? ஒன்னோட பொட்டி போதுமே."

"ஒரு வார்த்தைதானேம்மா, சொல்லிடுங்களேன்," என்றாள் தாதி மெதுவாக.

ரெனெல்லா வாயைத் திறந்தாள். கண்ணால் பார்க்காத ஒரு மணிக்கணக்கைக்கூட அவள் இதுவரை எழுதியதில்லை.

"தெரியலப்பா," என்றாள்.

"தெரியலையாம்!" உலிஸ் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் வெறும் இழுப்பாயிற்று. தாதி அவரை மல்லாக்கப் படுக்க வைத்தாள். அதன் பிறகு அவர் எந்தக் கதையும் சொல்லவில்லை. பிற்பகல் மூன்றரைக்கு இழுப்பும் நின்றது.

வியாழக்கிழமை காலை, இறுதிச்சடங்கு இல்லத்தில் ஜெபமாலை சொல்லி முடித்திருந்தார்கள். இன்னும் பத்து நிமிடத்தில் சவப்பெட்டியை மூடிக் கோவிலுக்கு எடுத்துப்போக வேண்டும். காப்பி ஜாடியருகே உலிஸின் தம்பி க்ளோவிஸ், துப்பாக்கி கடலில் கிடந்த வருடங்களைப் பதினைந்தாக்கிவிட்டிருந்தார்.

"சித்தப்பா, நேத்து பன்னெண்டுன்னீங்க," என்றாள் ரெனெல்லா.

"செத்தவனுக்கு மரியாதையா மூணு சேத்தேன். ஒனக்கென்ன நஷ்டம்?"

அப்போதுதான் நோரிஸ் வந்தார். எண்பது வயது, கோட்டு மட்டும் யாரோ இரண்டு மடங்கு பெரியவருடையது. கையில் தட்டுத் துடைக்கும் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. நேராக ரெனெல்லாவிடம் வந்து துணியை விலக்கினார்.

"குண்டு இல்லம்மா, தெறந்து பாத்துக்க. இத அவன்கூட வெச்சு அனுப்பணும்."

பெட்டியருகே நின்ற இல்லத்து ஆளின் முகம் பெட்டிக்குள் கிடந்தவரின் நிறத்துக்கு வந்துவிட்டது. ரெனெல்லா துப்பாக்கியை வாங்கி ஜன்னலருகே போனாள்.

முதலில் தேடியது குறையைத்தான். நிறையக் கிடைத்தது. குழலின் உட்புறம் அரித்துப் பள்ளம் பள்ளமாக இருந்தது. குறிபார்க்கும் முனையின் மூலைகளில் பழுப்பேறியிருந்தது. கைப்பிடியின் மரம் போய், பிளாஸ்டிக் ஒன்றைத் திருகி வைத்திருந்தார்கள். ஈரம் ஒட்டவில்லையாம்!

ஆனால் மேல்பாகம் முழுக்கக் கறுப்பு அப்படியே இருந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் சின்ன வளையங்கள். படகின் அடியில் ஒட்டிக்கொண்டு வளருமே கொட்டலசு, அதைத் தட்டி எடுத்தால் மிஞ்சுகிற தடம். பெரிய வளையத்தின் மேலேறி இன்னொன்று, அதன்மேல் ஒன்று. ஒன்று செத்து ஒன்று, வருடக்கணக்காக வளர்ந்திருக்கிறது.

கரைக்கு வந்தபிறகு அப்பா புதிதாகப் பூசியிருந்தால்? அப்படியானால் வளையங்கள் பூச்சுக்கு அடியில் இருக்கும். கட்டைவிரல் நகத்தால் ஒரு வளையத்தைச் சுரண்டினாள். நகத்தில் சுண்ணாம்பு வந்தது. அடியில் கறுப்பு வழவழவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல். இன்னொன்றைச் சுரண்டினாள். பிறகு இன்னொன்றை.

"மாமா, நிஜமா எத்தன வருஷம்?"

"நாலு."

"அப்பா ஒன்பதுன்னாரே."

"நாலு கடலோடது. மீதி அவனோடது. வாய் அவன் வாய், நான் ஏன் குறுக்க பேசணும்?"

"இத ஏன் எங்கிட்ட காட்டல?"

நோரிஸ் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"மூணு தடவ கெளம்பினேன்மா. காட்டினா என் மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னுட்டான். 'எம் மக என்னை நம்பணும்டா, இரும்பை நம்பறதுக்கு நான் எதுக்கு'ன்னான்."

வெளியே சவ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. ரெனெல்லா துப்பாக்கியை நோரிஸின் கையில் திருப்பி வைத்தாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா."

பெட்டியருகே போனாள். இல்லத்து ஆள் மூடியின் மேல் கை வைத்துக் காத்திருந்தான். யாரோ உலிஸுக்குப் பவுடர் பூசியிருந்தார்கள். மூக்கோரம் அது இப்போதே வெடித்திருந்தது. அவள் உதடு மட்டும் அசைந்தது.

பின்னால் வந்து நின்ற க்ளோவிஸ், "சத்தமாச் சொல்லும்மா," என்றார். "மணல் மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு அவனுக்கு எடது காது எப்பவோ போச்சு."

சிரிக்க வேண்டிய இடம்தான். க்ளோவிஸே சிரிக்கவில்லை.

ரெனெல்லா பெட்டியைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய்க் குனிந்தாள்.

"நாலு வருஷம்பா," என்றாள். "நடந்துச்சு."