செந்தொண்டைச் சிட்டு உட்கார்ந்த புதர்

பழிவாங்குதல் மாவீரர்களின் அறம். அதற்கு மலையளவு பொறுமையும் கடலளவு வன்மமும் வேண்டும். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரும், தலையில் போர்த்திக்கொள்ள ஒரு பழைய பச்சைத் திரைச்சீலையும் போதுமாக இருந்தன.

பகை போன மாதம் மூண்டது. பறவை ஆர்வலர் சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். போஸ்ட்மாஸ்டரும் அதில் ஒருவர்; தலைவர் அவருடைய பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். இருபது வருஷமாக ஊரில் யார் கண்ணிலும் படாத செந்தொண்டைச் சிட்டு தன் கொல்லைப்புறத்தில் பாடியதைக் கேட்டதாகப் போஸ்ட்மாஸ்டர் பதிவேட்டில் எழுதியிருந்தார். டாக்டர் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'எண்ணெய் போடாத கீல்' என்று ஓரத்தில் எழுதி, கூட்டத்தில் வாசித்தும் காட்டினார்.

"உங்க கொல்லைக் கதவு தினமும் இப்படித்தான் சார் பாடுது. நானும் கேக்கறேனே!"

அன்றிலிருந்து போஸ்ட்மாஸ்டரின் பெயர் கீலு. காய்கறிக்காரர்கூட, "கீலு சார், தக்காளி போடவா?" என்றார்.

"ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுத் தொலைங்களேன்," என்றாள் மனைவி.

"விட்டா அவன் சொன்னது சரின்னு ஆயிடும்டி!"

முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்திய கை சும்மா இருக்குமா? அந்தச் சிட்டின் குரலை இணையத்திலிருந்து இறக்கினார். காலை ஆறு மணிக்கு மதிலோரச் செடிகளுக்கு நடுவே திரைச்சீலையைப் போர்த்தி, மேலே நாலு கிளைகளையும் செருகிக்கொண்டு குந்தினார். ஸ்பீக்கர் பாடியது. டாக்டர் கேட்பார், ஏமாந்து பதிவேட்டில் ஏற்றுவார், நிறைந்த சபையில் மரப்பு ஊசி போடாமல் அவர் மானத்தைப் பிடுங்கிவிடலாம்.

மூன்றாம் நாள் டாக்டர் பனியனோடு மாடிக்கு ஓடி வந்தார், கையில் காமிராவோடு. போஸ்ட்மாஸ்டருக்கு உள்ளுக்குள் தேன் பாய்ந்தது. அந்நேரம் பார்த்துத் தலையில் ஏதோ லேசாக ஊர்ந்தது. எறும்பாக இருக்கும். கடித்தால் கடிக்கட்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அசைந்தால் காரியம் கெட்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் டாக்டர் தொண்டையைக் கனைத்து, "செந்தொண்டைச் சிட்டு. நேரம் காலை ஆறு இருபது," என்று ஆரம்பித்ததுமே போஸ்ட்மாஸ்டர் எழுந்தார். ஸ்பீக்கரை உயரத் தூக்கிப் பிடித்தார்.

"நீங்க கேட்டது இதைத்தான், தலைவரே! நான்தான் பாட விட்டேன். கீலுக்கும் குருவிக்கும் வித்தியாசம் தெரியாதது யாருக்குன்னு இப்ப சபையே சொல்லட்டும்!"

சபை வாயைப் பிளந்தது. டாக்டர் அசரவில்லை.

"அப்படியா சார்? கேட்டதை விடுங்க. நான் படமே எடுத்திருக்கேன். உங்க ஸ்பீக்கருக்கு றெக்கையும் உண்டா என்ன?"

விளக்கை அணைத்தார்கள். திரை முழுக்க அசல் செந்தொண்டைச் சிட்டு, தன் இனத்தின் குரல் கேட்டு இறங்கி வந்து, ஒரு பச்சைப் புதரின் உச்சியில் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. இன்னும் கிட்டத்தில் காட்டச் சொன்னார்கள். டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார்.

புதர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது.