யாரும் தொடாத கோப்புறை

1
இக்கதை, என் மருமகளின் தொலைபேசி உரையாடலைச் சற்றுமுன் நான் ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. ஒட்டுக்கேட்டது தவறு. அடுத்த அறைக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கியில் பேசியது அதனினும் பெருந்தவறு.

தொடக்கம்: 'வானம் கறுத்துக் கிடந்த வேளையில், கணினியின் முன்…' (வேண்டாம். வெயில் பல்லைக் காட்டுகிறது.)

2
மருமகள் மென்பொருள் உருவாக்குபவள். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு வரிசைச்சீட்டு வழங்கும் மென்பொருள் அவளுடையது. பழையதை நீக்கியாயிற்று, புதியதை மாலை ஐந்துக்குள் நிறுவாவிடில், நாளைக் காலை முந்நூறு பேர் சீட்டின்றி முட்டிமோதுவர். மணி நான்கு. நிறுவல் பாதியிலேயே நிற்கிறது.

"அக்கா, எந்தக் கோப்புறைல போடுறீங்க? பேரை அப்படியே படிங்க."

சீட்டுப்பிரிவு எழுத்தர் படித்தார்: "புதுசு, ஒரு இடைவெளி, அடைப்புக்குறிக்குள்ள 'யாரும் தொடாதே', ஆச்சரியக்குறி மூணு."

"ஏன்க்கா இப்படி?"

"தொட்டாரே! வெறும் 'புதுசு'ன்னு இருந்தப்போ எங்க மேலாளர் ரெண்டு தடவை அழிச்சுட்டாரு. மூணு ஆச்சரியக்குறி போட்டேன், கிட்டவே வரல."

3
மருமகளின் நிரல் இடைவெளியைக் கண்டதும் பெயர் முடிந்ததாக எண்ணி, 'புதுசு' என்னும் இல்லாத கோப்புறையைத் தேடுகிறது.*

அவள் அலுவலகத்தில் இது ஏன் அகப்படவில்லை? அனைவரும் ஓரெழுத்துப் பெயருள்ள கோப்புறையிலேயே சோதித்தனர். தட்டச்சு செய்யச் சோம்பல்.

"பேரை மட்டும் மாத்திடுங்கக்கா. அஞ்சே நிமிஷம்."

"மாத்துறேன். அவர் மறுபடி அழிச்சா, முந்நூறு பேருக்கும் நீ வந்து பதில் சொல்றியா தங்கச்சி?"

மருமகள் தன் நிரலைத் திறந்தாள்.

* வினாவின் முதற்சொல்லை மட்டும் படித்து விடையெழுதிய மாணவர்களை முப்பத்தோராண்டு திருத்தினேன். இயந்திரத்துக்கு யார் சுழியம் போடுவது?

4
முடிவு ஒன்று: எழுத்தர் பெயரை மாற்றினார், மேலாளர் திருந்தினார். (எனக்கே நம்பிக்கையில்லை. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: நிரலில் நாற்பத்திரண்டு இடங்களிலும் கோப்புறைப் பாதையை, இடைவெளியும் பெயரில் சேரும்படி, மேற்கோள்குறிக்குள் அடைத்து, மருமகள் வெற்றிப் புன்னகையுடன்…

"மாமா! ஒட்டுக்கேட்டீங்களா?"

"கதைக்காகத்தான், அம்மா."

"கதை கிடக்கட்டும். நாற்பத்திரண்டு இடத்துலயும் குறி போட்டுட்டேன். திறந்ததெல்லாம் மூடியிருக்கான்னு பாருங்க. என் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது."

5
மணி நான்கு ஐம்பத்திரண்டு. முடிவு வேண்டுவோர் நாளைக் காலை மருத்துவமனை வரிசையில் நின்று பார்க்கலாம். கையில் சீட்டு வந்தால் இன்பியல். வராவிடில் முந்நூற்றோராவது ஆளாக நீங்களும் முட்டிமோதலாம்.

எனக்கு நேரமில்லை. இருபத்தேழாம் இடத்தில் ஒரு குறி திறந்தபடியே கிடக்கிறது.