பாரகான் டாக்கீஸுக்குப் பின்னால்

டிசைனர் என்றால் கலர் அடிக்கிறவள் என்றுதான் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த அலுவலகம் நினைத்துக்கொண்டிருந்தது. விழுப்புரத்திலிருந்து வந்து சேர்ந்த வித்யாலட்சுமியை ஆளாளுக்குக் கூப்பிட்டு, ரோட்டுக்கு மஞ்சள் எடுக்குமா, ஏரிக்கு இன்னும் கொஞ்சம் நீலம் வேண்டுமா என்று கேட்டார்கள். அவளும் பொறுமையாகப் பதில் சொன்னாள். உள்ளே எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது.

அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தது பெங்களூருக்கான இணைய வரைபடம். இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். மவுஸால் இழுத்தால் ஊரே நகர்ந்து வருவதைப் பார்த்து ஜனங்கள் வாய் பிளந்த காலம். மேனேஜர் சேஷகிரிக்கு அந்த மேப் பெற்ற பிள்ளை மாதிரி. கிராஸ் என்கிற குறுக்குத் தெரு, மெயின் என்கிற பெரிய தெரு ஒன்று விடாமல் எண்ணோடு அதில் இருந்தன. முழு முகவரியைக் கொடுத்தால் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். கோளாறு என்னவென்றால், இந்த ஊரில் யாரும் அப்படி வழி கேட்பதில்லை.

வித்யா அதைக் கால் வலிக்க வலிக்கத் தெரிந்துகொண்டவள். வந்த புதிதில் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு அல்சூர் பக்கம் அலையோ அலை என்று அலைந்திருக்கிறாள். ஃபோர்த் கிராஸ் எங்கே என்று கேட்டால் முழிப்பார்கள். "பாரகான் டாக்கீஸ் பின்னாடியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த டாக்கீஸை இடித்து ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனாலும் கண்டக்டர் "பாரகான், பாரகான்" என்றுதான் கத்துவார், ஜனமும் மறுபேச்சில்லாமல் இறங்கும்.

ஆகவே அவள் புதிதாக ஒரு தேடும் பெட்டி வடிவமைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஸ்டாப்புகளில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த பெயர்கள் அதில் இருந்தன. கோயில், சர்ச், பேக்கரி, இடித்த தியேட்டர் எல்லாம் உண்டு. பின்னாடி, எதிர்ல, பக்கத்துல என்று அடித்தாலும் புரிந்துகொள்ளும். அதற்குப் புரோகிராம் எழுதித் தந்தவன் அதே டீமில் இருந்த மர்பி டவுன்காரன் நாகேஷ்.

சேஷகிரி அதைப் பார்த்தார். ஒரே வெட்டாக வெட்டினார்.

"இல்லாத தியேட்டர மேப்ல போடுவாங்களாம்மா? மேப்னா உண்மை இருக்கணும். நாகேஷ், செத்துப்போன பேரெல்லாம் தூக்கிடு. மண்டே லாஞ்ச்."

"சார், யாராவது ஒருத்தர உக்கார வச்சு டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம் சார்," என்றாள் வித்யா. "பழசுலயே அவங்களுக்கு வழி கெடச்சிட்டா, என்னோடத நானே எடுத்துடறேன். அப்புறம் கலர் மட்டும் பாத்துக்கறேன்."

"சும்னே டைம் வேஸ்ட். சரி, கூப்டு," என்றார் சேஷகிரி, கன்னடம் கலந்து.

வாயை விட்ட பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது. இத்தனை நாள் உழைப்பையும் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மௌரீன் டீச்சர் வந்தார். காக்ஸ் டவுன்காரர், நாகேஷுக்கு ஒரு காலத்தில் கணக்கு எடுத்தவர். ஓசூர் ரோடு நெரிசலில் வெந்து வந்திருந்தாலும் முகத்தில் சிரிப்பு வாடவில்லை. சோதனையின் விதியை வித்யா எல்லோருக்கும் சொன்னாள்: தேடுகிறவருக்கு யாரும் உதவக் கூடாது, மூச்சு விடக் கூடாது. சேஷகிரி பின்னால் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"மிஸ், நெஜமாவே நீங்க போகவேண்டிய எடம் ஏதாவது இருந்தா தேடுங்க."

"இருக்கே! என் ஃப்ரெண்டு அல்போன்சா வீடு மாறிட்டா. பாரகான் பின்னாடி, மாதா கெபிக்கு எதிர்லன்னா."

டீச்சர் அதையே அடித்தார். பழைய மேப் யோசித்துவிட்டு, முடிவுகள் இல்லை என்றது. மாதா கெபி, அதாவது மாதா சிலை வைத்த சின்னக் குகை மாடம், என்று மட்டும் அடித்தார். எங்கேயோ ஊர் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்கைக் காட்டியது. டீச்சரின் சிரிப்பு மெல்ல மெல்லச் சுருங்கியது.

"சாரிம்மா, எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் அவ்வளவா வராது."

அந்த சாரி வித்யாவைச் சுட்டது. தப்பு செய்தது மேப், மன்னிப்புக் கேட்பது டீச்சர். அவளுக்கு வந்த கோபத்துக்கு எழுந்து கத்தியிருப்பாள். விதி விதிதான் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சேஷகிரியால்தான் தாங்க முடியவில்லை. எழுந்தே விட்டார்.

"மேடம், லெஃப்ட்ல ஏரியா செலக்ட் பண்ணிட்டு கிராஸ் நம்பர் போடுங்க!"

"கிராஸ் நம்பர் யாருக்குப்பா தெரியும்?"

"என்ன மேடம், நான் பொறந்து வளந்த ஏரியா அது. ரொம்ப ஈஸி. பாரகான்ல எறங்குங்க. பின்னாடி சந்துல நேரா போனா பேக்கரி. அங்க லெஃப்ட் அடிச்சா மாதா கெபி. அதுக்கு எதிர்ல..."

நீட்டிய கை நீட்டியபடி நின்றுவிட்டது.

"நானும் அதத்தானேப்பா அடிச்சேன்," என்றார் டீச்சர், அப்பாவியாக.

நாகேஷ் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டான். வித்யா தன் தேடும் பெட்டியைத் திறந்து டீச்சர் முன்னால் வைத்தாள். அவர் முதலில் அடித்ததையே திரும்ப அடித்தார். மேப் சரசரவென்று நகர்ந்து, அல்சூருக்குள் நுழைந்து, ஒரு சந்தில் போய் நின்றது. மாதா கெபி. அதற்கு எதிரில் நாலைந்து வீடுகள்.

"இதோ! இந்த மூலை வீடுதான், மூலைன்னுதான் சொன்னா!" டீச்சர் கை தட்டினார். பக்கத்து டீம்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சேஷகிரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாகேஷ், பேரெல்லாம் தூக்கிட்டியா?"

"இல்ல சார். மனசு வரல."

"பொழச்சேன்," என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். "மண்டே போறது வித்யாவோடது."

திங்கட்கிழமை காலை மேப் ஊருக்குத் திறந்துவிடப்பட்டது. ஜனங்கள் தேடுவதெல்லாம் வித்யாவின் திரையில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. மாரியம்மன் கோயில் எதிரே. மண்ணெண்ணெய் டிப்போ இருந்த இடம். பிரியாணிக் கடைக்குப் பின்னாடி. எந்த ஊரில் தான் யாரோ என்று திரிந்தாளோ, அந்த ஊர் தன் சொந்த வாயால் அவள் செய்த பொருளோடு பேசிக்கொண்டிருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, அவள் அதை மறைக்கவும் இல்லை.

சேஷகிரி வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"வித்யா, எங்க வீட்டாண்ட ஒரு வாட்டர் டேங்க் இருந்துச்சும்மா. இடிச்சுட்டாங்க. எங்க மாமியார் இன்னும் அத வச்சுத்தான் வீடு கண்டுபிடிச்சு வர்றாங்க..."

அவள் சிரித்துக்கொண்டே சற்று நகர்ந்து இடம் விட்டாள். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இல்லாத டேங்க் எங்கே இருக்கிறது என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார்.