அச்சன் எவிடே?

வீட்டிலிருந்தே தைக்கிறவள் கொடுத்துவைத்தவள் என்று சொல்கிறவர்கள் ஒருநாள் என் மெஷினில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கால் மெஷினை மிதிக்கும், கண் துணியில் இருக்கும், காது அடுப்படியில் இருக்கும். ஓணம் நெருங்கினால் உதியன்குளங்கரையில் பாதிப் பெண்களின் ஜம்பர் துணி என் வீட்டில்தான் கிடக்கும். அதனால் கைக்குழந்தையின் தொட்டிலிலிருந்து ஒரு கயிறு இழுத்து மிதிப்பலகையில் கட்டியிருந்தேன். மெஷின் ஓடினால் தொட்டில் ஆடும். நின்றால் அவன் ஊரைக் கூட்டிவிடுவான். சோறு வடிக்க நான் எழுந்தால், நாலு வயதுப் புஷ்பம் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையை அமுக்குவாள். நான்தான் பழக்கியிருந்தேன்.

அந்த ஐம்பத்திநாலாம் வருஷம் மெஷின் சத்தத்துக்கு இன்னொரு வேலையும் வந்தது. தமிழ்ப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் என் வீட்டுக்காரர் சத்தியதாஸ் கொடி பிடித்தார். தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை. போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்த கோலத்தை நான் பார்த்திருக்கிறேன். மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளைக்கு அந்தப் பக்கம் இருந்த சர்ச்சில், மணிக்கூண்டுக்குக் கீழே அவர் ஒளிந்திருந்தார்.

"மெஷின் சத்தம் கேக்கிற வரை பயமில்ல. நின்னா நூறு எண்ணுவேன். அதுக்குள்ள மறுபடி ஓடலேன்னா, நான் பின்வாசல் வழியா போயிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

பிள்ளையையும் தயார்செய்தேன். "யாரு கேட்டாலும் அப்பா மெட்றாசுக்குப் போச்சுன்னு சொல்லணும், கேட்டியா மக்கா?" கெட்டிக்காரி, கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் நாலு காக்கி. பலகையிலிருந்து காலை எடுத்தேன். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

ஏட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புஷ்பத்தின் முன்னால் குனிந்தார்.

"மோளே, அச்சன் எவிடே?"

அப்பா எங்கே என்று மலையாளத்தில் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீதியெல்லாம் மலையாளம் பேசுகிற எனக்கு! எங்கள் வீட்டில் அப்பா என்றால் அப்பாதான். அச்சன் என்றால் அவளுக்கு ஒரே ஆள், வடக்கிலிருந்து வந்த எங்கள் போதகர். சபையே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"அச்சன் சர்ச்சில உண்டு" என்றாள்.

"சாரே, பிள்ளை போதகரையாக்கும் சொல்லுது!" என்று அலறினேன். கர்த்தர் அறிய உண்மை.

ஏட்டு சிரித்தார். "கொச்சுங்ஙள் கள்ளம் பறயில்லல்லோ." பிள்ளைகள் பொய் சொல்லாதாம். மூன்று பேர் விளைக்குள் இறங்கினார்கள். பின்னாலேயே ஓடினேன். வாசலில் ஏட்டு லத்தியைக் குறுக்கே நீட்டினார்.

நாற்பது. ஐம்பது. ஓடிவிடுவார், நூறு ஆகட்டும், ஓடிவிடுவார் என்று என்னையே தேற்றிக்கொண்டேன்.

அறுபதில் தொட்டிலில் சிணுங்கல் எழுந்தது. எழுபதில் அது அழுகையானது. எண்பதைத் தாண்டியிருப்பேன், எனக்குப் பின்னால் கடகடவென்று மெஷின் ஓடியது.

திரும்பினேன். புஷ்பம் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பலகையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"விடு மக்கா! தொடாதே!"

"தம்பி அழுதுல்லா அம்மா" என்றாள்.

"நல்ல குட்டி" என்றார் ஏட்டு.

ஓடிப்போய்க் கை ஓங்கினேன். அவள் முகத்தை நிமிர்த்தி, நான் மெச்சுவேன் என்று காத்திருந்தாள். எதற்கு அடிப்பேன்? ஓங்கிய கை அப்படியே நின்றது. சர்ச்சுப் பக்கம் விசில் ஊதியபோதும் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.