இருபத்திரண்டு கையெழுத்துகள்

மூன்றாம் வார்டின் தலைமை நர்ஸை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். ஆறு வாரம் லீவு கேட்டிருந்தார். "நீங்க இல்லாம வார்டு ஓடும்னு காட்டுங்க, தர்றேன்" என்று கண்காணிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். காட்டுவதற்குத் தோதாக ஆஸ்பத்திரியில் ஒரு கணக்கெடுப்பும் வந்தது. வார்டில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் இருபத்திரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு படிவம், பன்னிரண்டு கேள்வி. டூட்டி போடுவதில் உங்களுக்குப் பங்கு உண்டா, புது ஆளைப் பழக்குகிறீர்களா, முடிவெடுக்க விடுகிறார்களா என்று ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மார்க் போட வேண்டும். சராசரி நாலைத் தொட்டால் லீவு.

பெரியக்காவுக்கு இதெல்லாம் ஜுஜுபி. தன்னைப்போல் எல்லோரையும் அரவணைத்துப் போகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம். ரயில் டிக்கெட்கூட எடுத்தாயிற்று.

படிவங்களை அவர்தான் வாங்கிச் சேர்த்து அன்று நாலு மணிக்குள் ஆபீஸில் கொடுக்க வேண்டும். பிரித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனால் ஆசை யாரை விட்டது?

முதல் படிவம் காலி. கீழே கையெழுத்து மட்டும். சோம்பேறிக் கழுதை என்று திட்டிக்கொண்டு அடுத்ததைப் புரட்டினார். அதுவும் காலி. இருபத்திரண்டும் காலி, இருபத்திரண்டிலும் கையெழுத்து.

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன சின்ன சிஸ்டரைக் கூப்பிட்டார். ஆறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள், இன்னும் சின்னவள்தான்.

"என்னடி இது? எல்லாரும் சேர்ந்து என் லீவுல மண்ணள்ளிப் போடறீங்களா?"

"ஐயோ அக்கா! நீங்க போகணும்னுதான் எல்லாரும் வேண்டிக்கிட்டிருக்கோம். மார்க்கை நீங்களே போட்டுக்குங்க. நாங்க ஏடாகூடமா எதையாவது எழுதி வெச்சுட்டா?"

"உங்க கருத்தைத்தானே கேட்டிருக்காங்க? நீங்கதான் போடணும்."

"நாங்களா?" அவள் உண்மையாகவே திகைத்தாள். "போன மாசம் டூட்டி லிஸ்ட் போட்டோமே அக்கா. நீங்க அடிச்சுட்டு வேற எழுதினீங்க."

"திட்டினேனா?"

"இல்லக்கா. சிரிச்சுக்கிட்டேதான் அடிச்சீங்க. எப்பவும் சிரிச்சுக்கிட்டேதான்."

குத்திக்காட்டவில்லை, பாராட்டாகத்தான் சொன்னாள். பெரியக்காவைத் தூக்கிவாரிப் போட்டது அதுதான். சண்டைக்கு வந்திருந்தால் ஒரு கை பார்த்திருப்பார்.

மணி மூன்றரை. அதிர்ச்சி ஒரு பக்கம், லீவு ஒரு பக்கம். கதவைச் சாத்திக்கொண்டு பேனாவைத் திறந்தார். நாலு, ஐந்து, நாலு. அப்பட்டமான திருட்டுத்தனம். கை கூசியது, ஆனாலும் நிற்கவில்லை. மூன்றாவது படிவத்தில் போன் அடித்தது. மகள்.

"அம்மா, டூட்டி முடிஞ்சுதா? இங்க ரெண்டு ஆஸ்பத்திரி இருக்கு. எதுக்குப் போகணும்னு நீ சொல்லவே இல்லையே."

"இன்னும் மூணு வாரம் இருக்கேடி. வந்து பாத்துச் சொல்றேன்."

"காலையிலேயே பனிக்குடம் உடைஞ்சிடுச்சும்மா."

பெரியக்கா எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. "காலையிலேயா? ஏன்டி சொல்லல? மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"பையோட வாசல்ல நிக்கறார். உன்னைக் கேட்டுட்டுப் போகலாம்னார். நீ வேலையில இருப்பியேன்னு காத்துக்கிட்டிருந்தோம்."

இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவர் மனசுக்குள் மணியைக் கணக்குப் போட்டார். பனிக்குடம் உடைந்தவளை எட்டு மணி நேரம் வீட்டில் உட்கார வைத்தது யார்? யாரையும் கேட்கத் தேவையில்லை. பதில் மேசை மேல் கையெழுத்தோடு கிடந்தது.

"எதும்மா? ரெண்டுல எது? சீக்கிரம் சொல்லு, வலிக்குது."

அந்த ஊரை அவர் பார்த்ததே இல்லை. எது பக்கம், எங்கே டாக்டர் இருக்கிறார், ஒன்றும் தெரியாது.

"எனக்குத் தெரியாதுடி! அது உன் ஊரு. நீயே முடிவு பண்ணு, இப்பவே கிளம்பு!"

மகள், சின்ன சிஸ்டரின் அதே திகைப்போடு கேட்டாள்.

"நானா?"