ரிப்பேர் என்று சொல்லி

மௌலா அலியில் சுந்தரேசன் வீட்டுக் கீழ்த்தளக் கடையில் ஆக்னஸ் பல வருடங்களாக இட்லி மாவும் இடியாப்பமும் விற்றுவந்தாள். தூத்துக்குடிக்காரி. அவள் வாடகைக்கு எடுத்தபோது அது பழைய சாமான் அடைத்து வைத்திருந்த ஒழுகல் அறை. டைல்ஸ் பதித்ததும் சாக்கடைக் குழாயை மாற்றியதும் அவள்தான். காலனித் தமிழர்கள் ஸ்கூட்டரில் வந்து வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான், ஐ.டி. வேலை போய் வீட்டிலிருந்த சுந்தரேசனின் மகன் நிகிலுக்கு ஆசை வந்தது.

"அதே கடையை நாம போடலாம்ப்பா. இடம் நம்மளுது, கஸ்டமரும் ரெடி."

சுந்தரேசனால் மகனிடம் மறுத்துப் பேச முடியவில்லை. ஆக்னஸிடம் உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. கூரை ரிப்பேர், கொஞ்ச நாள் காலி பண்ணிக் கொடும்மா, முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்றார்.

"மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு கிரைண்டரை மட்டும் ஆட்டோவில் ஏற்றினாள். "ரேக்கெல்லாம் இங்கேயே இருக்கட்டும். எப்படியும் திரும்பி வரப்போறேம்லா."

அந்த ரேக்குகளில்தான் நிகில் தன் மாவுப் பைகளை அடுக்கினான்.

ரிப்பேர் முடிந்ததா என்று கேட்க ஆக்னஸ் வந்த அன்று கல்லாவில் சுந்தரேசன்தான் உட்கார்ந்திருந்தார். அவள் புதுப் பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பிறகு தன் ரேக்குகளை.

"கூப்பிடுவீங்கன்னு இருந்தேன் சார்."

அவர் எழுந்து வெளியே வருவதற்குள் போய்விட்டாள்.

பழைய வாடிக்கையாளர்கள் அவளை விசாரித்தார்கள். "ஊருக்குப் போயிட்டாங்க போல" என்றார் சுந்தரேசன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கல்லாப் பெட்டிக்குள் குனிந்துகொண்டார். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அவளுக்கு அரிசி போடும் கடைக்காரரிடம் முகவரியைக் கேட்டுக்கொண்டு நகரின் இன்னொரு பக்கம் இருந்த போவன்பள்ளிக்குப் போனார். ஒரு சந்துக்குள், வீட்டு வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வாங்க ஆளில்லை.

"தப்புப் பண்ணிட்டேம்மா. கடையைத் திருப்பித் தந்துடறேன், வந்துடு."

"வேண்டாம் சார். இன்னொரு தடவ உங்க வார்த்தைய நம்பி சாமானத் தூக்கிட்டு வர எனக்குத் தெம்பில்ல."

"பின்ன நான் என்னதான் செய்யறது?"

"கேக்கவங்ககிட்ட நான் ஊருக்குப் போயிட்டதாச் சொல்லுதீங்களாமே. அத மட்டும் சொல்லாதீங்க."

மறுநாளே ரேக்குகளை வண்டியில் ஏற்றி அவளுக்கு அனுப்பினார். அவளுடைய முகவரியையும் போன் நம்பரையும் பெரிய அட்டையில் எழுதி, கடை முகப்பில் தொங்கவிட்டார்.

"எதுக்குப்பா இது? நம்ம பிசினஸை நாமே கெடுத்துக்கணுமா?" என்று நிகில் கத்தினான்.

"அது அவ பிசினஸ்டா" என்றார். அட்டையைக் கழற்ற விடவில்லை.

அன்று சாயங்காலம் கல்பகம் என்ற காலனிக்காரம்மா மாவு வாங்க வந்தார். அட்டையைப் பார்த்து நம்பரைப் போனில் பதிந்துகொண்டார்.

"நல்லா ஓடின கடையாச்சே, ஏன் சார் காலி பண்ணினாங்க?"

நிகில் அப்பாவைப் பார்த்தான். வேண்டாம் என்பது போல் தலையசைத்தான்.

"ரிப்பேர்னு பொய் சொல்லி நான்தான் அனுப்பினேன்" என்றார் சுந்தரேசன்.

கல்பகம் எடுத்த மாவுப் பையை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். நிகில் விருட்டென்று மாடிக்குப் போனான். சுந்தரேசன் அந்தப் பையை எடுத்துத் திரும்ப ஃபிரிட்ஜுக்குள் வைத்தார்.