மந்தாரியா லீக்கின் வெளியூர் ஆட்டம்

மந்தாரியாவில் யுத்தம் இல்லை, ஊரடங்கு இல்லை, அடையாள அட்டையும் இல்லை. அப்படியொரு நாடே இல்லை என்பதுதான் அதன் தனிச் சிறப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது கொழும்பு வெள்ளவத்தையில், யோசெப்பின் என்கிற அக்கா நடத்திய லொட்ஜில், சாப்பாட்டு மேசையின்மேல் இருந்தது. சோக்குக் கோடுதான் மைதானம். சேட்டுப் பொத்தான்தான் பந்து. சோடா மூடிகள் ஆட்டக்காரர்கள். மூடிக்குள் மெழுகை உருக்கி ஊற்றி, மேலே இலக்கம் எழுதினால், சுண்டிய திசையில் சொல்வழி கேட்டுப் போகும்.

அந்த நாட்டின் முதற்பிரிவு லீக்குக்குத் தலைவர் பாலசுந்தரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, கனடா போகக் காத்திருந்து காத்திருந்து, வேறு எதற்கும் தலைவராக வழியில்லாமல் போனவர். அடுத்த மாதம் அனுப்பிவிடுகிறேன் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த தவணையோ முடிந்துவிட்டது. விமானம் ஏறும்வரை பொலிஸ் வாயில் தன் பெயர் விழக்கூடாது. அவருக்கிருந்த ஒரே விரதம் அதுதான்.

அன்று வடதுறை யுனைட்டெட்டுக்கும் குன்றூர் ரோவர்ஸுக்கும் ஆட்டம். குன்றூரின் சொந்தக்காரன் வேலுசாமி. மலையகத்தில் அட்டன் பக்கத்து ஆள். கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையொன்றில் கொத்து ரொட்டி போடுகிறவன். வரவேண்டிய நேரம் எப்போதோ போய்விட்டது, ஆளைக் காணவில்லை.

"வராட்டி மூண்டுக்குச் சைபர். அது சட்டம்," என்றார் வடதுறையின் சொந்தக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா. வங்கியில் வேலை. விளையாட்டிலும் வட்டி பார்க்கிற மனிதர்.

"சட்டம் போட்டவன் நான். எனக்கே படிப்பிக்கிறீரோ?" என்று பாலசுந்தரம் சீறினார். "வரட்டும் அவன், கேக்கிறன்!"

யோசெப்பின் அக்கா டெலிபோனை வைத்துவிட்டு வந்தார்.

"வேலுசாமியைப் பிடிச்சிட்டாங்களாம். கடை முதலாளி கதைச்சவர். வழியில சோதினை. கையில இருந்த பால்மா டின்னைத் திறந்து பாத்திருக்கிறாங்கள். தகர மூடி, உள்ளுக்கு மெழுகு, மேல நம்பர். குண்டுச் சாமான் எண்டு நினைச்சிட்டாங்கள். என்னடா இது எண்டு கேட்டதுக்கு, 'எங்க டீம் சார்' எண்டானாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. கிராண்ட்பாஸிலிருந்து வாராவாரம் வருகிற புவாத், புறக்கோட்டைத் துணிக்கடைக்காரன், மெதுவாகப் பாலசுந்தரத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையின் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். மூடிகளை லொட்ஜிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்று வேலுசாமி எத்தனையோ தரம் கெஞ்சியிருந்தான். "வெளியூர் ஆட்டமெண்டால் அணி பயணம் பண்ணித்தான் வரவேணும். உலகம் முழுக்க அப்பிடித்தான்," என்று தலைவர்தான் மறுத்தவர்.

"சரி, மூண்டுக்குச் சைபர் எண்டு போடும். இதோட இந்த விளையாட்டையும் மூடுவம். ஒருத்தரும் பொலிஸ் பக்கம் போகாதேங்கோ," என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

பாலசுந்தரத்தின் கைவீச்சில், மேசையில் இருந்த வடதுறை அணி முழுவதும் பறந்து போய்ச் சுவரில் மோதியது. கோல்காப்பாளன் அக்காவின் சொதிச் சட்டிக்குள் விழுந்தான்.

"ஒருத்தனைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள், உமக்குப் பொயின்ற்ஸோ? இல்லாத நாட்டிலையும் பிடிபட்டவன்தான் தோக்க வேணுமோ? அப்ப எதுக்கடாப்பா இந்த நாடு?"

"என்னோட ஏன் கத்துறீர்? டின்னைக் கொண்டுவரச் சொன்னது நானோ?"

பாலசுந்தரம் எழும்பினார். பதில் இல்லாத கோபம் இரட்டைக் கோபம். சேட்டை மாட்டினார், பொத்தான் ஓட்டை மாறி ஏறியது, அதோடும் சண்டை பிடித்தார்.

"பாலாண்ணே, நான் வாறேன். நீங்க சிங்களத்தில வாயத் தொறக்க வேணாம்," என்றான் புவாத். "நீங்க பேசினா மிச்சப் பேரையும் புடிச்சிருவானுவ."

பொலிஸ் நிலையத்தில் அதிகாரியின் மேசைமேல் குன்றூர் ரோவர்ஸ் வரிசையாகக் கிடந்தது. சிலருக்கு மெழுகு தோண்டியெடுக்கப்பட்டு வயிறு காலியாக இருந்தது. புவாத் "மாத்தயா, மாத்தயா" என்று சிங்களத்தில் குழைந்து, ஒரு மூடியைச் சுண்டியும் காட்டினான். அது நேராக அதிகாரியின் தேத்தண்ணிக் கோப்பையில் போய் முட்டியது. தானே பிணை நிற்பதாகவும் சொன்னான்.

அதிகாரி தலையாட்டி மறுத்து ஏதோ கேட்டார். புவாத் தயங்கினான்.

"என்னவாம்?"

"இத டின்னில போட்டுக் கொண்டுவரச் சொன்னவன்தான் கையெழுத்து வைக்கணுமாம். கூப்பிட்டா ரெண்டு பேரும் வரணும். கேஸ் முடியிற வரைக்கும் கொழும்ப விட்டுப் போகேலா." குரலைத் தாழ்த்தினான். "யோசிச்சுச் செய்ங்க அண்ணே. தெரியாதெண்டு சொல்லிட்டுப் போயிரலாம்."

கனடா ஒரு கணம் பாலசுந்தரத்தின் கண்முன் வந்து, பனியெல்லாம் காட்டிவிட்டுப் போனது. ஏஜென்டில் கோபம் வந்தது. அந்த மேசையில், மேசைக்குப் பின்னாலிருந்த தொப்பியில், தன்னுடைய வாயில், தான் போட்ட சட்டத்தில், எல்லாவற்றிலும் வந்தது.

"நான்தான் தலைவர் எண்டு சொல்லு," என்று அடையாள அட்டையை மேசையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு, அடித்தார்.

அட்டையில் பிறந்த ஊரை அதிகாரி நெடுநேரம் பார்த்தார். பிறகு இன்னொரு கேள்வி.

"வேலுசாமி ஒங்களுக்கு என்ன சொந்தமெண்டு கேக்கிறார்."

"ஒரு சொந்தமும் இல்லை! ஆளைக் கண்ணிலையும் காட்டேலாது. ஒவ்வொரு ஆட்டத்திலையும் கள்ளச் சுண்டல்!"

புவாத் பணிவாக மொழிபெயர்த்தான்: மச்சான் முறையாம். அதிகாரி அந்தக் கத்தலுக்கும் முறைக்கும் பொருத்தம் பார்த்தவர்போலத் தலையசைத்துப் பேனையை நீட்டினார். பாலசுந்தரம் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். பேனை கடதாசியைக் கிழித்தது.

வேலுசாமி வெளியே வந்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு. கீழுதடு வீங்கித் தொங்கியது. டின்னைத் தரவில்லை, அவனும் கேட்கவில்லை.

தெருவுக்கு வரும்வரை பாலசுந்தரம் பொறுத்திருந்தார். கத்த வேண்டிய ஆள் உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தான், அவனிடம் கத்த முடியாது.

"எங்கயடா போனனி?" என்று வேலுசாமியிடம் தொடங்கினார். "மேசை போட்டு வைச்சிட்டு எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறம்! வேற பாதையால வரத் தெரியாதோ? எங்க டீமெண்டு சொல்லுவியோ அவங்களிட்ட? அறிவிருக்கோ உனக்கு?"

பஸ் தரிப்பிடம்வரை திட்டினார். மற்ற நாளென்றால் ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிறவன் வேலுசாமி. அன்று, இன்னும் பொலிஸுக்கு முன்னால் நிற்பவன்போல, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி, "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னான்.

அந்தச் "சரிங்க"தான் பாலசுந்தரத்துக்குத் தாங்க முடியவில்லை. "திருப்பிக் கதையடா!" என்று கத்தினார். "வாயைத் திறந்து திருப்பிக் கதையடா, நாயே!"